பாங்காக்கில் மூன்று நாள்: ஆற்றையும் ரயிலையும் வைத்துப் போடும் பயணத் திட்டம்

பாங்காக் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு, அதை நாட்களுக்குப் பங்கிட்டதும் திட்டம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே போனபின் பாதி நேரம் டாக்சிக்குள்ளேயே கழிகிறது. சுக்கும்வித் சாலையில் மாலை நேரத்தில் மூன்று கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆவதுண்டு. அதனால் இந்த ஊருக்குத் திட்டம் போடும்போது இடங்களில் தொடங்காதீர்கள். ரயில் பாதைகளிலும் சாவ் பிரயா ஆற்றிலும் தொடங்குங்கள். எந்த இடம் எந்தப் பாதையில் இருக்கிறது என்று தெரிந்தால், எதை எந்த நாளில், எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பது தானாகவே அமைந்துவிடும்.

கீழே உள்ளது மூன்று முழு நாட்களுக்கான திட்டம். ஒரு பாட் என்பது ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று ரூபாய். நுழைவுக் கட்டணங்கள் அவ்வப்போது ஏறுகின்றன. இங்கே சொல்லியிருப்பதற்கு மேல் கொஞ்சம் கூட்டியே கணக்குப் போடுங்கள்.

எப்போது போவது, எதை விடுவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பொங்கல் விடுமுறையை ஒட்டிப் போவது மிக வசதி: மழை இருக்காது, வெயிலும் தாங்கும். மார்ச் முதல் மே வரை சென்னை வெயிலுக்குக் குறையாது, கோயில் முற்றங்களில் நிழலும் கிடையாது. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு. தெருவெங்கும் தண்ணீர் வீச்சுதான். அதற்காகவே போனால் கொண்டாட்டம். கோயில் பார்க்கப் போனால் தொல்லை. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டித் தீர்க்கும் என்பதால், அந்த மாதங்களில் வெளியிடங்களைக் காலையில் முடித்துவிடுங்கள்.

நம் ஊர் டிராவல்ஸ்காரர்கள் விற்கும் பேக்கேஜ்களில் பாங்காக்கோடு பட்டாயாவும் சேர்ந்தே வரும். பட்டாயா சுமார் 150 கிலோமீட்டர். போக வர நாலைந்து மணி நேரமும், ஓட்டலை மாற்றுவதற்கு அரை நாளும் போய்விடும். கையில் மூன்று நாள்தான் என்றால் பட்டாயாவை விட்டுவிடுவதே நல்லது. தாம்னன் சதுவாக் மிதக்கும் சந்தையும் அப்படித்தான்: நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இப்போது அது சுற்றுலாப் பயணிகளுக்கான கடைவீதி. மிதக்கும் சந்தை பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள், சனி ஞாயிறில் நகர எல்லைக்குள்ளேயே இருக்கும் கிளோங் லாட் மயோமுக்குப் போகலாம்.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். 2024 ஜூலை 15 முதல் இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை என்று தாய்லாந்து அறிவித்தது. ஆனால் இந்தச் சலுகையும் தங்கும் நாட்களின் கணக்கும் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் முன் ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் இன்னொரு முறை, தாய் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

2025 மே 1 முதல் டிடிஏசி என்னும் மின்னணு வருகை அட்டை கட்டாயம். விமானத்தில் காகிதப் படிவம் தரும் வழக்கம் போய்விட்டது. தாய்லாந்தில் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கைக்குழந்தை உட்பட ஆளுக்கு ஒன்று. இதற்குக் கட்டணமே கிடையாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்கள் அதே படிவத்தை நிரப்பித் தரப் பணம் கேட்கும். அரசுத் தளத்தின் முகவரி 'கோ.டிஎச்' என்று முடியும். பணம் கேட்டால் உடனே மூடிவிடுங்கள். இன்னொரு சிக்கல் நம் பெயர்கள். இனிஷியல் விரித்து எழுதியிருக்கிறதா, அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே நிரப்புங்கள். விமான டிக்கெட்டிலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும்.

திரும்பும் டிக்கெட், ஓட்டல் முன்பதிவு, கையில் செலவுக்குப் பணம் இவற்றைக் குடிநுழைவு அதிகாரி கேட்கலாம். அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இ-சிகரெட் தாய்லாந்துக்குள் கொண்டுபோவதே குற்றம். பையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தங்குமிடம்: திட்டத்தின் பாதி இதுதான்

வாடகை குறைவு என்று ரயில் பாதையை விட்டுத் தள்ளித் தங்கினால், மிச்சம் பிடித்த பணம் டாக்சிக்குப் போய்விடும், நேரமும் சேர்ந்து போகும். நான்கு பகுதிகளைப் பார்த்தால் போதும்.

பயா தாய், ரட்சதேவி: விமான நிலைய ரயில் பயா தாயில்தான் முடிகிறது, பிடிஎஸ் வான்ரயிலில் அங்கேயே ஏறலாம். முதல் முறை போகும் குடும்பத்துக்கு எங்கள் முதல் தேர்வு இது. அசோக்: பிடிஎஸ்ஸும் எம்ஆர்டி மெட்ரோவும் சந்திக்கும் இடம், இந்திய உணவகங்கள் சுற்றிலும் உண்டு. சீலோம், சாலா தேங்: இங்கும் இரண்டு ரயிலும் உண்டு, ஆறும் பக்கம், மாரியம்மன் கோயிலும் பக்கம். காவ் சான் சாலை: பழைய நகரத்துக்கு அருகில், விலையும் மலிவு. ஆனால் ரயில் கிடையாது, இரவில் கூச்சல் ஓயாது. பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு ஏற்றதல்ல.

'பிடிஎஸ் அருகில்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாமல், வரைபடத்தில் நடைதூரத்தை அளந்து பாருங்கள். 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பாங்காக்கில் பெரிய சாலையிலிருந்து பிரியும் கிளைத் தெருக்களுக்குச் சோய் என்று பெயர். சில சோய்கள் ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போகும். சுக்கும்வித்தில் ஒற்றைப்படைச் சோய்கள் ஒரு பக்கம், இரட்டைப்படைச் சோய்கள் மறுபக்கம். எண்கள் எதிரெதிரே பொருந்தாது. சோய் 55-க்கு எதிரில் இருப்பது சோய் 38. எண்ணை மட்டும் பார்த்து 'பக்கத்துத் தெருதானே' என்று முடிவு செய்தால் இரண்டு ரயில் நிலையம் தள்ளிப் போய் நிற்பீர்கள்.

விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு

டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று முதலில் பாருங்கள். சுவர்ணபூமி கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர். டான் முவாங் வடக்கே. ஏர் ஏசியா போன்ற மலிவு விமானங்கள் பல அங்கேதான் இறங்கும். சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரப் பயணம், கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். நள்ளிரவில் கிளம்பும் விமானத்தில் போனால் விடியும்போது இறங்குவீர்கள். ஓட்டல் அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டிகளை வரவேற்பில் வைத்துவிட்டு வெளியே போகலாம். பெரும்பாலான ஓட்டல்களில் இதற்குக் காசு வாங்குவதில்லை. அன்றைக்கே முதல் நாள் திட்டத்தைத் தொடங்காதீர்கள். தூக்கமில்லாமல் அரண்மனை முற்றத்து வெயிலில் நிற்க முடியாது. லும்பினி பூங்காவின் உடும்புகள், சியாம் பக்கத்து மால்கள் என்று மெல்லத் தொடங்குங்கள்.

சுவர்ணபூமியில் பணம் மாற்ற, வருகை மாடத்துக் கடைகளை விட்டுவிட்டு, அடித்தளத்தில் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள கடைகளுக்குப் போங்கள். அங்கே விலை நன்றாக இருக்கும். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டை போட்டால் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். அதனால் அடிக்கடி சிறு தொகையாக எடுக்காதீர்கள். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா' என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். சம்மதித்தால் ரூபாயில் காட்டுவார்கள், ஆனால் மோசமான மாற்று விலையில்.

அதே அடித்தளத்திலிருந்து பயா தாய்க்கு ரயில் 45 பாட், அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதிகாலை முதல் நள்ளிரவு வரை ஓடும். நான்கு பேர், பெட்டிகள் என்றால் டாக்சி பரவாயில்லை: தரைத்தளத்தில் இயந்திரத்தில் சீட்டு எடுத்து, அதில் உள்ள எண்ணுக்குப் போய் ஏறுங்கள். மீட்டர் காட்டும் தொகை, அதற்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட், விரைவுச் சாலையில் போனால் சுங்கம். வழக்கமாக இவ்வளவுதான். அந்தச் சீட்டில் வண்டி எண் இருக்கும். ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், புகார் செய்ய அதுதான் ஆதாரம். டான் முவாங்கிலிருந்து சிவப்புத் தட ரயிலில் குருங் தெப் அபிவாத் நிலையம் வந்து, பாங் சூ எம்ஆர்டிக்கு மாறலாம்.

நகருக்குள் போக்குவரத்து

பிடிஎஸ்ஸும் எம்ஆர்டியும் வேறு வேறு நிறுவனங்கள். ஒன்றின் டிக்கெட் மற்றொன்றில் செல்லாது. எம்ஆர்டி வாசலில் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தொட்டே உள்ளே போகலாம். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடுமுறைக் கட்டணமும் திறந்திருக்க வேண்டும். இந்திய வங்கிகள் பலவும் இதை மூடியே வைத்திருக்கும், செயலியில் போய்த் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். பிடிஎஸ்ஸுக்கு ராபிட் என்னும் பயண அட்டை வாங்கலாம், பாஸ்போர்ட் கேட்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைதான் ஏறுவீர்கள் என்றால் ஒற்றை டிக்கெட்டே போதும்.

சாவ் பிரயா விரைவுப் படகுகளில் ஆரஞ்சுக் கொடி கட்டியதுதான் நமக்கு. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 16 பாட் அளவில். பிடிஎஸ் சபான் தாக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. அங்கே சுற்றுலாப் படகுக்கு டிக்கெட் விற்பவர்கள் முதலில் மறிப்பார்கள்; அதன் விலை இரண்டு மூன்று மடங்கு. ஆரஞ்சுக் கொடி என்று சொல்லிக் கேளுங்கள்.

சேன் சேப் கால்வாய்ப் படகு இன்னும் சுவாரசியம். கிழக்கு மேற்காக நகரத்தைக் கிழித்துக்கொண்டு போகும், கட்டணம் 10 முதல் 20 பாட் அளவில். படகு துறையில் சில விநாடிதான் நிற்கும். விளிம்பில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்துத் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். எதிரே படகு வரும்போது அலை தெறிக்கும். ஓரத்தில் உட்கார்ந்தவர் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்தால் பிளாஸ்டிக் திரை உயரும். அந்த வேலை அங்கே உட்கார்ந்தவருடையது, யாரும் சொல்ல மாட்டார்கள். ப்ரதுநாமில் எல்லோரும் இறங்கி வேறு படகுக்கு மாறுவார்கள், நீங்களும் கூடவே மாறுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களை இதில் ஏற்ற வேண்டாம்.

டாக்சி மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். மீட்டர் போட மறுத்தால் அடுத்த வண்டிக்குப் போங்கள். கிராப், போல்ட் செயலிகளில் விலை முன்னமே தெரியும். துக் துக் என்னும் ஆட்டோ மலிவானதல்ல. ஒரு முறை ஆசைக்கு ஏறலாம், ஏறும் முன்பே விலை பேசிவிட வேண்டும்.

முதல் நாள்: ஆற்றங்கரைக் கோயில்கள்

காலை 7.30-க்குச் சாத்தோன் துறையில் இருங்கள். அரை மணி நேரத்தில் தா சாங் துறை; அங்கிருந்து கிராண்ட் பேலஸ் என்னும் பெரிய அரண்மனையின் வாசல் ஐந்து நிமிட நடை. 8.30-க்குத் திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும், ஒன்பதரைக்குள் பேருந்துக் கூட்டங்கள் வந்து குவிந்துவிடும். கட்டணம் 500 பாட், டிக்கெட் விற்பனை பிற்பகல் 3.30 வரை.

உடை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை, கிழிந்த ஜீன்ஸ், உடம்போடு ஒட்டிய லெகிங்ஸ் எதற்கும் அனுமதியில்லை. தோளில் துண்டு போட்டு மறைப்பதையும் ஏற்க மாட்டார்கள். சேலை, சல்வார், வேட்டி எல்லாம் தாராளம்.

வாசலை நெருங்கும்போது நல்ல உடையணிந்த ஒருவர் நிறுத்தி, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, பிற்பகல்தான் திறக்கும்" என்று கனிவாகச் சொல்வார். பக்கத்தில் ஒரு துக் துக் நிற்கும்; 20 பாட்டுக்கு நாலு கோயில் காட்டுவதாகப் பேச்சு. அது போய் நிற்குமிடம் ரத்தினக் கடையும் தையல் கடையும். பல பத்தாண்டுகளாக நடக்கும் ஏமாற்று இது. அரச சடங்குகளுக்காக உண்மையிலேயே மூடும் நாட்களும் உண்டு. அதை அரண்மனையின் இணையதளத்தில் முந்தைய நாள் இரவே பார்த்துக்கொண்டால் தெருவில் யார் சொல்வதையும் கேட்க வேண்டியதில்லை.

1782-இல் மன்னர் முதலாம் ராமா நிறுவிய அரண்மனை இது. உள்ளே மரகத புத்தர் கோயிலில் இருப்பது பச்சை நிறக் கல்லில் செதுக்கிய, சுமார் 66 சென்டிமீட்டர் உயரச் சிலை; ஆண்டுக்கு மூன்று முறை பருவத்துக்கேற்ப ஆடை மாற்றுவார்கள். பலர் அதைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். நீங்கள் சுற்றுப் பிராகாரத்துக்குப் போங்கள். அங்கே தாய் ராமாயணமான ராமகியன் 178 சுவரோவியங்களாக விரிகிறது. வடக்குச் சுவரின் நடுவில் தொடங்கி வலமாகச் சுற்றிவர வேண்டும். கம்பனைப் படித்தவர்களுக்கு இது தனி விருந்து: ராவணன் இங்கே தோட்சகன், சீதை அவனுடைய மகளே, அனுமன் பிரம்மச்சாரி அல்ல. அனுமன் தன் உடலையே பாலமாக்கிப் படைகளை நடத்திச் செல்லும் காட்சியைத் தேடிப் பாருங்கள். இதற்கே ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், நிழலும் கிடைக்கும்.

பதினொன்றரைக்கு வெளியே வந்து தெற்கே கால் மணி நேரம் நடந்தால் வாட் போ (வாட் என்றால் கோயில்). 300 பாட். 46 மீட்டர் நீளச் சயன புத்தரின் பாதங்களில் 108 மங்கலச் சின்னங்களை முத்துச்சிப்பியில் இழைத்திருப்பதுதான் இங்கே அருகில் நின்று பார்க்க வேண்டியது. தாய் மசாஜ் கல்விக்குப் பேர்போன இடமும் இதுவே, வளாகத்துக்குள்ளேயே செய்துகொள்ளலாம். நடந்த கால்களுக்கு நடுப்பகலில் அது தேவைப்படும்.

மூன்றரை மணிக்குத் தா தியேன் துறையிலிருந்து 5 பாட் அளவில் அக்கரைக்குப் படகு ஏறினால் வாட் அருண். 200 பாட், ஆறு மணி வரை. அருணன் பெயரைத் தாங்கிய இந்தக் கோபுரம் முழுக்க உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளால் பூவேலை செய்தது. படிகள் செங்குத்தானவை, ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். அங்கேயே அந்தி வரை நிற்காதீர்கள். ஐந்தரைக்கு இக்கரை திரும்பிவிட்டால், கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைத் தா தியேன் பக்கமிருந்து பார்க்கலாம். திரும்ப, எம்ஆர்டி சனாம் சாய் நிலையம் நடக்கும் தூரம்.

இந்த ஒரு நாளில் நுழைவுக்கு மட்டும் ஆளுக்கு 1,000 பாட் ஆகிறது. அரண்மனையிலும் வாட் போவிலும் 120 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை.

இரண்டாம் நாள்: ஊஞ்சலும் சீனத் தெருவும்

சேன் சேப் படகில் கடைசித் துறையான பான் ஃபா வரை போங்கள். இறங்கியதும் பொன்மலை என்னும் வாட் சகேத். முந்நூறுக்கு மேல் படிகள், ஆனால் அகலமானவை, மரநிழலில் சுற்றிச் சுற்றி ஏறுபவை. உச்சியிலிருந்து பழைய நகரம் முழுதும் தெரியும்.

அங்கிருந்து கால் மணி நேர நடையில் சாவ் சிங் சா என்னும் மாபெரும் ஊஞ்சல். சிவப்புத் தேக்குத் தூண்கள், சுமார் 21 மீட்டர். ஊஞ்சலாடும் சடங்கு 1935-இல் நின்றுபோனது. அது திரியம்பாவாய் விழாவின் பகுதி. பெயரிலேயே திருவெம்பாவை இருக்கிறது. பக்கத்தில் உள்ள தேவஸ்தான் கோயிலில் தாய் அரசவைப் பிராமணர்கள் அந்த விழாவில் இன்றும் தமிழ்ப் பாசுரங்களை ஓதுகிறார்கள். தாய் நாவில் உச்சரிப்பு வெகுவாக மாறிவிட்டது, ஆனாலும் மாணிக்கவாசகரின் வரிகளும் அவற்றில் உண்டு என்கிறார்கள். மார்கழியில் போகிறவர்கள் இந்தச் சிறு கோயிலைத் தாண்டிப் போய்விடக் கூடாது. எதிரே வாட் சுத்தாட்டில் சுகோதாயிலிருந்து ஆற்று வழியாகக் கொண்டுவந்த பெரிய வெண்கல புத்தர் இருக்கிறார்.

மதியம் வெயிலுக்கு ஒதுங்கிவிட்டு, மூன்று மணிக்கு மேல் எம்ஆர்டி ஹுவா லம்போங் நிலையம் வந்து வாட் திரைமித் பாருங்கள். ஐந்தரை டன் தங்க புத்தர். காரைப் பூச்சுக்குள் மறைந்திருந்தது, 1955-இல் இடம் மாற்றும்போது பூச்சு உடைந்து வெளிப்பட்டது. ஐந்து மணிக்குள் மூடிவிடுவார்கள். பிறகு சீனர் பகுதியான யாவராட் தெரு வழியே நடங்கள். ஆறு மணிக்கு மேல் சாலையோர அடுப்புகள் எல்லாம் பற்றிக்கொள்ளும். திங்கட்கிழமை பெரும்பாலான தெருக்கடைகள் இருக்காது. அதனால் இந்த நாள் திங்களில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்

இந்த நாள் சனி அல்லது ஞாயிறில் விழும்படி வைத்துக்கொண்டால் சதுசாக் சந்தை. பிடிஎஸ் மோ சிட். ஒன்பது, பத்து மணிக்குப் போய் ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். தகரக் கூரையின்கீழ் பிற்பகல் புழுக்கம் தாங்காது. பிடித்த பொருளை அப்போதே வாங்குங்கள், பிறகு அந்தக் கடையைத் திரும்பக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். மாலையில் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பியது, இன்று கும்பிட வருபவர்களில் பெரும்பான்மை தாய் மக்கள். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. நவராத்திரியின்போது போனால், நிறைவு நாள் இரவில் அந்தச் சாலையே அம்மன் ஊர்வலத்துக்காக மூடப்படுவதைப் பார்க்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

காய்கறி மட்டும் என்று சொன்னால் அங்கே போதாது. நாம் உப்புப் போடுகிற மாதிரி அவர்கள் நாம் ப்லா என்னும் மீன் சாறு ஊற்றுவார்கள். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு, பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால். சொல்ல வேண்டிய சொல் 'ஜே'. சிவப்பு எழுத்துள்ள மஞ்சள் கொடி தொங்கும் கடைகள் ஜே கடைகள். அங்கே இறைச்சி, மீன், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் சேராது. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் 'மங்சவிரத்'. சாதாரணக் கடையில் 'மாய் சாய் நாம் ப்லா' என்றால் மீன் சாறு போடாதீர்கள் என்று பொருள். ஜே என்பதைத் தாய் எழுத்தில் கைபேசியில் சேமித்துக் காட்டுவது இன்னும் நல்லது. வாணலியை மாற்ற மாட்டார்கள். அதில் கண்டிப்பு உள்ளவர்கள் ஜே கடையிலோ, பஹுராட் (பாங்காக்கின் லிட்டில் இந்தியா), அசோக் பக்கத்து இந்திய உணவகத்திலோ சாப்பிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசியும் தவறவிடக் கூடாதவை.

நடந்துகொள்ளும் முறை

அரசரையும் அரச குடும்பத்தையும் பற்றி விளையாட்டாகக்கூட எதுவும் பேசவோ பதிவிடவோ கூடாது. சட்டப்படி சிறைத் தண்டனை உண்டு. காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ரயில் நிலையம், பூங்காக்களில் தேசிய கீதம் ஒலிக்கும்போது எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். புத்தர் சிலைக்கு முன் பாதம் நீட்டி உட்காரக் கூடாது. பெண்கள் பிக்குகளைத் தொடுவதோ கைக்குக் கை பொருள் கொடுப்பதோ வழக்கமில்லை. சிக்கல் என்றால் சுற்றுலாக் காவல் எண் 1155.

திரும்பும் நாள்

இரவு விமானம் என்றால் அன்று பகல் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும். அறையைக் காலி செய்து பெட்டிகளை ஓட்டலில் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் திட்டத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். மாலை நான்கிலிருந்து எட்டு வரை டாக்சியில் விமான நிலையம் கிளம்ப வேண்டாம். பயா தாயிலிருந்து ரயிலே நம்பகமானது. கறி மசாலா விழுது, மிளகாய்த் தொக்குப் புட்டிகள் கைப்பையில் போகாது, பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் நேர்மாறாகக் கைப்பையில்தான் இருக்க வேண்டும். துரியன் பழத்தை முழுதாக எடுத்துவர எண்ணாதீர்கள், ஓட்டல்களே உள்ளே விடுவதில்லை. உறையில் அடைத்த துரியன் சிப்ஸ் செவன் லெவன் கடைகளில் கிடைக்கும்.